நம்ம மலைத் தண்ணீர் கித்துல்கலையில் சொல்லித் தரும் பாடம்



அட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கினிகத்தேனை தாண்டி வளைவு வளைவாக இறங்கும்போது, ரோட்டுக்கு ஒரு பக்கம் பள்ளத்தில் ஒரு ஆறு கூடவே வருவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கக் கரையில் பச்சைச் சுவர் மாதிரி அடர்ந்த காடு. ஆற்றில் பெரிய பெரிய கற்கள். கற்களுக்கு நடுவே தண்ணீர் பால் நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கும். அந்த நுரைக்குள் றப்பர் படகுகள் குதித்துக் குதித்துப் போகும். உள்ளே வெள்ளைக்காரர்கள், கொழும்புப் பிள்ளைகள், தலையில் தொப்பி, மார்பில் மிதவைச் சட்டை. அதுதான் கித்துல்கல. இலங்கையில் ராஃப்டிங் என்று சொல்லப்படும் வெள்ளைநீர்ப் படகோட்டத்துக்கு மிகவும் பெயர் போன இடம்.

"அது காசுக்காரங்க விளையாட்டு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது. அந்த ஆற்றில் ஓடுவது நமது தண்ணீர். நமது லயத்துப் பின்பக்கம் ஓடும் கானும், பீலியும், ஓடையும் சேர்ந்துதான் அந்த ஆறு. அதே ஆற்றின் மேல்பகுதியில்தான் நமது பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிறார்கள். ஆகவே இம்முறை பாடத்துக்கு இந்த ஆற்றையே எடுத்துக்கொள்வோம்.

1. ஆறு எங்கே பிறக்கிறது?

கித்துல்கலையில் ஓடுவது களனி கங்கை. அதன் நீளம் ஏறக்குறைய 145 கிலோமீற்றர். இரண்டு ஓயாக்கள் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது.

ஒன்று மஸ்கெலியா ஓயா. இது சிவனொளிபாத மலைப் பக்கத்துக் காட்டில் பிறந்து மஸ்கெலியா தோட்டங்களின் நடுவே வருகிறது. மற்றது கெசல்கமு ஓயா. இது ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து உயர்ந்த மலைகளில் பிறந்து, பொகவந்தலாவை, நோர்வூட் வழியாக இறங்குகிறது. இரண்டும் தனித்தனியாகப் பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு வந்து, கித்துல்கலைக்கு மேலே ஒன்று சேர்கின்றன. அதற்குப் பிறகு எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று போய், கடைசியில் கொழும்புக்கு வடக்கே மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்தில் கடலில் கலக்கிறது.

போகிற வழியில் அம்பத்தலை என்ற இடத்தில் இந்தத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். கொழும்பும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர்தான். நோர்வூட்டில் மலையில் பெய்த மழை கொழும்பில் ஒரு வீட்டுக் குழாயில் வருகிறது. நமது கொழுந்து போகும் தூரத்துக்கு நமது தண்ணீரும் போகிறது.

2. அந்தக் காடு செய்கிற வேலை

கித்துல்கல கேகாலை மாவட்டத்தில் இருக்கிறது. கித்துள் மரமும் கல் என்ற பொருள் தரும் சிங்களச் சொல்லும் சேர்ந்த பெயர் அது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது மழைக்காடு. அது தாழ்நில ஈரவலயக் காடு. நாட்டிலேயே மிகக் கூடுதலாக மழை பெய்யும் பகுதி அந்தப் பக்கம்தான். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. தண்ணீர் வழிந்து ஓடாமல் அப்படியே நின்றால், ஒரு வருட மழை ஒரு லயத்தின் கூரையையும் தாண்டி நிற்கும்.

இவ்வளவு மழையும் ஒரேயடியாக ஓடினால் மலை தாங்காது. அங்கேதான் காடு வேலை செய்கிறது. மேலே உயர்ந்த மரங்கள், அதற்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே செடி கொடி, தரையில் அழுகிய இலைச் சருகு. மழைத்துளி நேரே மண்ணில் விழுவதில்லை. இலை இலையாகத் தட்டுப்பட்டு, மெதுவாக இறங்கி, சருகுக்குள் ஊறி, வேர் வழியாக மண்ணுக்குள் போகிறது. மழை விட்டு நாட்கள் கடந்தும் ஊற்றாகக் கசிந்து வருகிறது. வெயில் காலத்திலும் ஓடை வற்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

தேயிலை மலையில் இது எப்படி என்று நமக்கே தெரியும். நன்றாக மூடிப் படர்ந்த தேயிலையும் ஓரளவு மண்ணைக் காக்கும். ஆனால் கவ்வாத்து முடிந்த மலையில், கான் தூர்ந்துபோன மலையில் பெரிய மழை பெய்யட்டும், பாருங்கள். அரை மணித்தியாலத்தில் ஓடை செம்மண் நிறத்தில் பொங்கும். அது நமது மலையின் மேல்மண். நமது கொழுந்துக்குச் சாப்பாடு அதுதான். ஓடையோரத்து மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம், கானை வெட்டித் துப்புரவாக வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் காட்டைப் பற்றி இன்னொரு சேதி. 1995இல் கித்துல்கலைக் காட்டில் இரவு நேரம் ஒரு பறவையின் சத்தம் கேட்டது. பறவைகளைப் படித்த தீபால் வரகாகொட என்பவருக்கு அது எந்தப் பறவை என்று அடையாளம் தெரியவில்லை. தேடித் தேடி 2001இல் சிங்கராஜக் காட்டில் அதைக் கண்ணால் கண்டார். அது ஒரு சின்ன ஆந்தை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத, அதுவரை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத இனம். 2004இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பக்கத்துக் காட்டில் இருப்பதெல்லாம் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். ஆந்தை ஒன்று அத்தனை காலம் ஒளிந்திருந்திருக்கிறது!

3. மழை இல்லாமலும் ஆறு ஏறும்

இந்தப் பகுதியை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நமது இரண்டு ஓயாக்களும் இப்போது சுதந்திரமாக ஓடும் ஓயாக்கள் இல்லை. டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கை எஞ்சினியர், இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து நாடு முழுவதும் வெளிச்சம் கொடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதை அன்றைய ஆட்சி லேசில் கேட்கவில்லை. லக்ஷபான மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது 1950இல்தான். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் வந்தன.

கெசல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கம், அதற்குக் கீழே நோர்ட்டன் அணை. மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை நீர்த்தேக்கம், அதற்குக் கீழே கென்யோன், லக்ஷபான அணைகள். கீழே பொல்பிட்டிய மின்நிலையம். அதற்கும் கீழே அண்மை வருடங்களில் கட்டிய புரோட்லண்ட்ஸ் திட்டம். ஒரே தண்ணீர் ஒரு மின்நிலையத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அடுத்ததற்குப் போய் அங்கேயும் சுற்றுகிறது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளியே தெரிவதை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்.

இதனால் கித்துல்கலையில் படகு ஓட்டுகிறவர்கள் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலே மின்நிலையம் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டால் படகு ஓடும், விடாவிட்டால் கல் தட்டும். புரோட்லண்ட்ஸ் அணை கட்டும்போது, "எங்கள் தண்ணீர் சுரங்கத்துக்குள் போய்விட்டால் பிழைப்பு என்ன ஆகும்?" என்று அந்த ஊர்க்காரர்கள் கவலைப்பட்டதும் இதனால்தான். நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், ஊருக்குப் பிழைப்பும் வேண்டும். ஒரே தண்ணீரை இரண்டு பேர் எதிர்பார்க்கும்போது இப்படித்தான் வரும்.

நமக்கு இதில் உள்ள பாடம் உயிர்ப் பாடம். அணைக்குக் கீழே உள்ள ஓயாவில் வெயில் நல்லாக் காயும். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். பிள்ளைகள் நடு ஆற்றுக் கல்லில் உட்கார்ந்து விளையாடுவார்கள், அம்மாமார் உடுப்புத் துவைப்பார்கள். மேலே எங்கேயோ மலையில் பெரிய மழை பெய்து அணை நிரம்பினால், கதவைத் திறப்பார்கள். அப்போது நிமிடக் கணக்கில் தண்ணீர் ஏறும். கல்லில் உட்கார்ந்திருப்பவர் கரைக்கு வர முடியாது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கதவுகள் திறக்கப்படுவது வழக்கம்.

ஆகவே சைரன் கேட்டால் வாளியையும் உடுப்பையும் அப்படியே விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். "இந்தச் சட்டையை மட்டும் அலசிட்டு வாறேன்" என்பது வேண்டாம். சைரன் கேட்காவிட்டாலும், தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், அதுவும் ஒரு சைரன்தான்.

4. வெள்ளைநீர் என்றால் என்ன?

போன பாடசாலை விடுமுறையில் இரண்டு தோட்டங்களின் இளைஞர் கழகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் கித்துல்கலைக்குப் போனோம். படகில் ஏற்ற எங்களிடம் காசு இல்லை. கரையில் நின்று பார்த்தோம். வழிகாட்டிப் பொடியன் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பொறுமையாக விளக்கம் சொன்னார். அவர் சொன்னதையும் நாங்கள் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

சரிவான இடத்தில் ஆறு வேகமாக இறங்குகிறது. பாதை ஒடுங்கினால் வேகம் இன்னும் கூடும். கல்லில் மோதி உடையும்போது காற்று உள்ளே கலக்கிறது. அந்தக் காற்றுக் குமிழிதான் வெள்ளை நிறம். காற்று கலந்த தண்ணீர் ஆளைச் சரியாக மிதக்க விடாது. குளத்தில் நன்றாக நீந்துகிறவனும் நுரைத் தண்ணீரில் மூழ்குவது இதனால்தான்.

இன்னொன்று, தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது தள்ளும் பலம் நான்கு மடங்கு ஆகிவிடும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று கடக்கப் போன பெரிய ஆளையும் அது சாய்த்துவிடும்.

ஆற்றில் ஆளைப் பிடிக்கும் இடங்கள் மூன்று என்று அந்தப் பொடியன் விரல் மடக்கிச் சொன்னார்.

முதலாவது, சுழல் குழி. பெரிய கல்லின் மேலால் விழும் தண்ணீர், கல்லுக்குப் பின்னால் திரும்பி மேல்நோக்கிச் சுருளும். விழுந்தவரை அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். அணைக்கட்டுகளுக்குக் கீழேயும் இப்படி உண்டு. பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் விடாது.

இரண்டாவது, விழுந்த மரம். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. சல்லடையில் தேயிலை நிற்பது மாதிரி ஆள் அதில் மாட்டி நிற்பார்.

மூன்றாவது, கல் இடுக்கு. ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டும். தண்ணீர் முதுகில் தள்ளி முகத்தைக் கீழே அமுக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் சாவது இப்படித்தான்.

உலகம் முழுவதும் இந்த ஆற்றோட்டங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 லேசானது. 6 உயிருக்கு மிகவும் ஆபத்தானது. கித்துல்கலையில் பெரும்பாலும் 2, 3 தரம். தண்ணீர் கூடினால் தரமும் கூடும். ஐந்தாறு கிலோமீற்றர் தூரம்தான் படகு ஓடுகிறது. அந்தச் சின்னத் தூரத்துக்கு அவர்கள் எடுக்கும் கவனத்தைப் பாருங்கள்.

படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை போட வேண்டும். தலைக்கவசம் போட வேண்டும். படகின் றப்பர் குழாய் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்கும். புறப்படும் முன் கரையில் வைத்தே "முன்னுக்கு", "பின்னுக்கு", "நிறுத்து" என்று கட்டளைகளைப் பழக்குகிறார்கள். வழிகாட்டியின் கையில் எறிகயிறு இருக்கும். தண்ணீர் மிகவும் கூடியிருந்தால் அன்று படகு இல்லை. காசு கட்டியிருந்தாலும் இல்லை.

எங்களோடு வந்த ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இவ்வளவு சாமான் போட்டுக்கிட்டு இவங்க இறங்குறாங்க. நாங்க ஒண்ணும் இல்லாம அதே ஆத்துலதானே குளிக்கிறோம்?"

அந்தப் பிள்ளையின் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே எழுதுகிறோம்.

5. நமது ஓயாவில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

மிதவைச் சட்டை வாங்க நம்மால் முடியாது. ஆனால் அந்தப் படகுக்காரர்களின் அறிவை எடுத்துக்கொள்ளக் காசு வேண்டாம்.

குளிக்கும் முன்:
– பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துவைத்துக்கொண்டு பார்ப்பது பார்ப்பது ஆகாது.
– மழை பெய்த நாளிலும், மறுநாளிலும், தண்ணீர் கலங்கியிருக்கும்போதும் இறங்க வேண்டாம்.
– அணைக்குக் கீழேயும் நீர்வீழ்ச்சிக்குக் கீழேயும் குளிக்க வேண்டாம்.
– தெரியாத இடத்தில் தலைகுப்புறக் குதிக்க வேண்டாம். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் கல் வந்து கிடக்கலாம்.
– சாராயம் குடித்தவர் ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. சம்பள நாளிலும் திருவிழா நாளிலும் இதைக் குடும்பத்தார் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் அடித்துக்கொண்டு போனால்:
– எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். மல்லாக்கப் படுங்கள். கால் இரண்டும் தண்ணீர் போகும் பக்கம் முன்னுக்கு, பாதம் மேலே தெரியட்டும். கல் வந்தால் காலால் உதைத்து விலகலாம்.
– நீரோட்டத்துக்கு எதிராக நீந்திக் களைத்துப் போகாதீர்கள். சாய்வாகக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அடங்கிய இடம் இருந்தால் அங்கே சேருங்கள்.
– விழுந்த மரம் எதிரே வந்தால் மட்டும் இந்த முறையை மாற்ற வேண்டும். குப்புறத் திரும்பி வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறப் பாருங்கள். கீழே போகாதீர்கள்.

மற்றவரைக் காப்பாற்றும்போது:
ஒரு பிள்ளை மூழ்கும்போது அண்ணன் குதிக்கிறான், அண்ணனைக் காப்பாற்ற அப்பா குதிக்கிறார். ஒரு சாவு மூன்று சாவாகிறது. ஆகவே மூன்று சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: கூப்பிடு, நீட்டு, எறி.

கூப்பிடு: சத்தம் போட்டு ஆட்களைச் சேர்க்கவும். நீட்டு: கரையில் படுத்துக்கொண்டு கம்பு, மரக்கிளை, படங்கு, சேலை எதையாவது நீட்டவும். எறி: கயிற்றின் நுனியில் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேனைக் கட்டி எறியவும். கேன் மிதக்கும், பிடிக்கவும் வசதி. கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், அது உங்களையும் இழுத்துவிடும். குளிக்கும் துறைப் பக்கத்து மரத்தில் இப்படி ஒரு கயிறும் கேனும் எப்போதும் தொங்கினால் எவ்வளவு நல்லது! ஒரு தோட்டத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

வெளியே எடுத்த பிறகு:
தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் தவறு. நேரம்தான் வீணாகும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாக, அழுத்தமாக 30 முறை அமுக்கி, இரண்டு முறை மூச்சு ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். மூச்சு திரும்பி எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் பிறகும் தொந்தரவு தரும்.

சுவசெரிய இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸ் அவசர உதவிக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இந்த மூன்று இலக்கங்களையும் லயத்துச் சுவரில் கரியாலாவது எழுதி வையுங்கள்.

6. ஒரு சினிமாப் பாலமும் மறந்துபோன நமது ஆட்களும்

கித்துல்கலைக்கு இன்னொரு புகழ் உண்டு. 1956–57இல் டேவிட் லீன் என்ற ஆங்கிலேய டைரக்டர் "குவாய் ஆற்றுப் பாலம்" படத்தை அங்கே எடுத்தார். களனி கங்கைக்குக் குறுக்கே உண்மையாகவே ஒரு பெரிய மரப்பாலம் கட்டி, அதன் மேல் ரயிலை ஓட்டி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1957இல் வெளியான அந்தப் படம் ஏழு ஒஸ்கார் பரிசு வாங்கியது. பாலத்தின் அத்திவாரக் கல் இன்றும் ஆற்றோரத்தில் இருக்கிறது.

கதையில் வரும் உண்மையான ஆறு தாய்லாந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1942–43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமான ரயில்பாதையைக் காட்டுக்குள் போட்டார்கள். வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். படம் அவர்களைப் பற்றியது.

படத்தில் இல்லாத ஆட்கள் யார் தெரியுமா? மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டித் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் எல்லோருமாக ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

அவர்களில் பெருந்தொகையானோரைக் கொன்றது வாந்திபேதி. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தார்கள். மலகூடம் இல்லை. மழை பெய்தது. அழுக்கெல்லாம் தண்ணீரில் சேர்ந்தது. 1943 மழைக்காலத்தில் முகாம் முகாமாக ஆட்கள் விழுந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த முகாம்களில் சாவு குறைவாக இருந்தது.

கித்துல்கலையில் அந்தப் பாலத்தின் கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஆட்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

7. மேலே இருப்பவர்கள் நாம்தான்

ஆற்றில் மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவருக்குப் போகும். நமது ஆற்றில் எல்லோருக்கும் மேலே இருப்பவர்கள் நாம். பல விஷயங்களில் நாம் கீழே வைக்கப்பட்டவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மேலே இருக்கிறோம். அது ஒரு பொறுப்பு.

மருந்தடிக்கிற கேனை ஓடையில் கழுவக் கூடாது. கழுவிய தண்ணீரை மலையிலேயே, ஓடைக்கு எட்ட ஊற்ற வேண்டும். மருந்துப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பாவிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். பொலித்தீன், பம்பர்ஸ், சவர்க்காரப் பை எல்லாம் கானில் போட்டால் முதலில் அடைபடுவது நமது கான்தான். கான் அடைபட்டால் தண்ணீர் லயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கும். மண்மேடு சரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2016 மே மாதத்தில் பெய்த பெருமழையில் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்ததும், அதே நாட்களில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்வான பகுதிகள் மூழ்கியதும் நமக்கு நினைவிருக்கும்.

மலகூடம் இல்லாத லயங்கள் இன்னும் உண்டு. அது தொழிலாளியின் குற்றம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மலகூடமும் சுத்தமான குடிநீரும் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள். கிடைக்கும்வரைக்கும் பீலிக்கு மேலே ஒருவரும் அசுத்தம் செய்யாமல் பார்ப்பதும், பிள்ளைமடுவத்துக் குழந்தைகளுக்குக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர் கொடுப்பதும் நம் கையில் இருக்கின்றன. காலில் காயத்தோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், கண் சிவப்பு, தசை நோவு வந்தால் டாக்டரிடம் "தண்ணியில இறங்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

8. வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு

கித்துல்கலையில் வேலை செய்யலாமா என்று சில பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். பெற்றோர் பயப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருத்தமான வேலை. ஆனால் சேரும் முன் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அந்த இடம் சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்ததா? நீச்சல், உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சி தருவார்களா? பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா? விபத்துக் காப்புறுதி உண்டா? ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா? தண்ணீர் கூடிய நாளில் "இன்று படகு இல்லை" என்று சொல்ல வழிகாட்டிக்கு அதிகாரம் உண்டா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகினால் நல்லது. சாதாரண தரம் வரை படித்து முடித்துவிட்டுப் போங்கள். ஆறு எங்கேயும் ஓடிவிடாது.

பெண் பிள்ளைகளும் நீந்தப் பழக வேண்டும். சேலையோடும் நீளப் பாவாடையோடும் ஆற்றில் இறங்குகிறவர்கள் அவர்கள்தானே? ஆபத்து அவர்களுக்குத்தான் கூட. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல், பாதுகாப்பான ஆழமில்லாத தேங்கிய இடத்தில், பெரியவர்கள் முன்னிலையில் பழக்குங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கான கேள்விகள்

1. உங்கள் லயத்துக்குப் பக்கத்து ஓடை எந்த ஓயாவில் சேர்கிறது? பிள்ளைகளைக் கொண்டு ஒரு படம் வரையச் சொல்லுங்கள்.
2. உங்கள் குளிக்கும் துறைக்கு மேலே அணை உண்டா? சைரன் சத்தம் அங்கே கேட்கிறதா? கேட்காவிட்டால் யாரிடம் முறையிட வேண்டும்?
3. கயிறும் கேனும் தொங்கவிட எந்த மரம் வசதி? அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யார் எடுப்பது?
4. "கூப்பிடு, நீட்டு, எறி" – இதை நாளைக்கே பிள்ளைமடுவத்திலும் பாடசாலையிலும் செய்து காட்ட யார் முன்வருவார்கள்?
5. உங்கள் தோட்டத்தில் மருந்துக் கேன் கழுவும் இடம் எங்கே? அதற்குக் கீழே தண்ணீர் எடுப்பவர்கள் யார்?

இந்தக் கேள்விகளை மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் பேசி, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். முதலில் கயிறு கட்டும் தோட்டம் எது என்று பார்க்க ஆவலாக இருக்கிறோம். மழைக்காலம் வருமுன் கட்டிவிடுங்கள்.